1979 முதல் காத்திருக்கும் ஒரு சட்டப் பிரிவு

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குச் சென்றிருக்கும் 39 பேருக்கும், மாநிலங்களவையில் இருக்கும் 18 பேருக்கும், சட்டப்பேரவையின் 234 உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் வழக்கறிஞராக இருக்கிறேன். அடைத்து வைக்கப்பட்டவரை விடுவிக்கக் கேட்கும் ஆட்கொணர்வு மனுக்கள்தான் என் அன்றாட வேலை. அவற்றில் பெரும்பாலானவை 'குண்டாஸ்', அதாவது குண்டர் சட்ட மனுக்கள். கட்சி பார்த்து இந்த மடலை எழுதவில்லை. நான் சொல்லப்போவது, விசாரணையில்லாமல் ஒருவரைச் சிறையில் வைக்கும் தடுப்புக் காவலைப் பற்றி; அதற்குக் கடிவாளம் போட நிறைவேற்றப்பட்டும் இன்னும் அமலாகாத ஓர் அரசியலமைப்புத் திருத்தப் பிரிவைப் பற்றி. இந்த விஷயத்தில் உங்களில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெருமையும் இல்லை, தனிப் பழியும் இல்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு அம்மா மகனுக்காக வந்தார். தெருச் சண்டையில் கைதான பையன். கீழ்க்கோர்ட்டில் ஜாமீன் கிடைத்து, அலைந்து திரிந்து இரண்டு ஜாமீன்தாரர்களைப் பிடித்து, எல்லாம் முடிந்து சிறை வாசலில் போய் நின்றிருக்கிறார். "உங்க பையன் மேல குண்டாஸ் போட்டாச்சு, வெளியே வர முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பையனிடம் கொடுத்த ஆவணக் கட்டை, நாங்கள் அதை புக்லெட் என்போம், ஒரு துணிக்கடைப் பையில் வைத்து எடுத்துவந்திருந்தார். இருநூறு பக்கத்துக்கு மேல் இருக்கும்.

"தம்பி, இந்தக் கேஸ் எந்தக் கோர்ட்டுல நடக்குது? சாட்சியை எப்ப விசாரிப்பாங்க?"

இதற்குக் கோர்ட்டில் கேஸ் கிடையாதும்மா, சாட்சியும் கிடையாது, மாவட்ட ஆட்சியர் கையெழுத்தில் ஆரம்பித்து ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப அவன் செஞ்சதுக்கு இல்ல. இனிமே செய்வான்னு இவங்க நினைக்கிறதுக்கு உள்ள வச்சிருக்காங்க. அப்படித்தானே?" என்றார். தடுப்புக் காவலுக்கு இதைவிடத் துல்லியமான விளக்கத்தை நான் எந்தச் சட்டப் புத்தகத்திலும் படித்ததில்லை.

இந்த அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்திருப்பது அரசியலமைப்புச் சட்டமே என்பதுதான் பலருக்கும் தெரியாத செய்தி. அதுவும் அடிப்படை உரிமைகள் பகுதிக்குள்ளேயே இருக்கிறது. 22-ஆவது உறுப்பின் தொடக்கத்தைப் படித்தால் மனம் நிறைந்துவிடும். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். அவர் விரும்பும் வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். அடுத்த வரிக்கு வந்தால், தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவருக்கு இவை எதுவும் பொருந்தாது என்று இருக்கிறது. அப்புறம் அவருக்கென்று விட்டுவைத்திருக்கும் சிலவற்றைச் சொல்கிறது: காவலுக்கான காரணங்களைக் கூடிய விரைவில் தெரிவிக்க வேண்டும், முறையிட வாய்ப்புத் தர வேண்டும், மூன்று மாதத்துக்கு மேல் வைப்பதென்றால் போதிய காரணம் இருப்பதாக ஓர் அறிவுரைக் கழகம் சொல்ல வேண்டும். எங்கள் பேச்சில் அது அட்வைசரி போர்டு. ஒரு மனிதனுக்கும் சிறைக் கதவுக்கும் நடுவில் அரசியலமைப்பு நிறுத்தியிருக்கும் காவல்காரர்கள் இவ்வளவு பேர்தான்.

இதை எழுதியவர்களுக்கே இதில் நிம்மதி இருக்கவில்லை. 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இந்தப் பகுதியைக் கொண்டுவந்தபோது, உயிருக்கும் சுதந்திரத்துக்குமான 21-ஆவது உறுப்பில் கைவிடப்பட்ட 'நியாயமான சட்ட நடைமுறை' என்ற பாதுகாப்புக்கு ஓரளவு ஈடாகத்தான் கொண்டுவந்தார். லாகூர் உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த பக்ஷி டேக் சந்த், மற்ற ஜனநாயக நாடுகளின் அரசியலமைப்பில் இப்படி ஒன்று இல்லையே என்று வாதாடினார். நாளை வேறொரு கட்சி ஆட்சிக்கு வந்தால் இதே விதிகளுக்கு நாமே பலியாகலாம் என்று மகாவீர் தியாகி எச்சரித்தார். அந்த அவையில் பலர் விசாரணையில்லாத சிறைவாசத்தை அனுபவித்தவர்கள். 1919-இல் விசாரணையின்றி அடைத்துவைக்க வழிசெய்த ரௌலட் சட்டம் வந்தபோது, "வக்கீல் இல்லை, வாதம் இல்லை, அப்பீல் இல்லை" என்று நாடே கொதித்தது. நாடு தழுவிய கடையடைப்பு என்ற எண்ணம் காந்திக்குத் தோன்றியதே சென்னையில், ராஜாஜியின் விருந்தினராகத் தங்கியிருந்தபோதுதான். அந்தத் தலைமுறையே முப்பது வருஷத்தில் தடுப்புக் காவலை அரசியலமைப்புக்குள் எழுதிக்கொண்டது.

விளைவு தெரிய ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1950 ஜனவரி 26-இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வருகிறது. பிப்ரவரி 11-ஆம் தேதி சேலம் மத்தியச் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். அதே மாதக் கடைசியில் நாடாளுமன்றம் தடுப்புக் காவல் சட்டத்தை அவசரமாக நிறைவேற்றுகிறது. 1947 டிசம்பர் முதல் சென்னை மாகாணத்தில் அடைபட்டிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அதை எதிர்த்து உச்சநீதிமன்றம் போனார். 'கோபாலன் எதிர் சென்னை அரசு' என்று இன்றும் சட்டக் கல்லூரியில் முதல் பாடமாக நடத்துகிறோமே, அந்த வழக்கு. காவலுக்கான காரணங்களைக் கைதி நீதிமன்றத்திடம் சொன்னால்கூடக் குற்றம் என்று அந்தச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு சொன்னது. அதை மட்டும் நீதிமன்றம் ரத்து செய்தது. மற்றதெல்லாம் செல்லும் என்றது.

1975 ஜூன் 25-இல் நெருக்கடி நிலை வந்த பிறகு நடந்ததை உங்களில் பலர் வீட்டுக் கதையாகவே கேட்டிருப்பீர்கள். 1976 ஜனவரி 31-இல் இங்கே தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. சென்னை மத்தியச் சிறையில், அன்றைய தடுப்புக் காவல் சட்டமான மிசாவின் கைதிகள் அடிக்கப்பட்டார்கள். பின்னாளில் முதலமைச்சரான மு.க. ஸ்டாலின் அவர்களில் ஒருவர். முன்னாள் மேயர் சிட்டிபாபு பிழைக்கவில்லை. அந்தக் கொடுமைகளை விசாரிக்கப் பின்னர் நீதிபதி இஸ்மாயில் ஆணையம் அமைக்க வேண்டிவந்தது. அதே 1976 ஏப்ரலில், நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுவே செல்லாது என்று உச்சநீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒன்பது உயர்நீதிமன்றங்கள் அதற்கு மாறாகச் சொல்லியிருந்தன. தனியாக நின்ற நீதிபதி எச்.ஆர். கன்னாவுக்குத் தலைமை நீதிபதி பதவி மறுக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பு தவறு என்று 2017-இல்தான் உச்சநீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது.

இனி, நான் இந்த மடல் எழுதக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன்.

நெருக்கடி நிலையின் சூடு ஆறுவதற்குள், 1978-இல் நாடாளுமன்றம் 44-ஆவது திருத்தத்தை நிறைவேற்றியது. 1979 ஏப்ரல் 30-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். 'உள்நாட்டுக் குழப்பம்' என்று சொல்லி நெருக்கடி நிலை கொண்டுவர முடியாது, ஆயுதக் கிளர்ச்சி வேண்டும் என்று மாற்றியது அதுதான். நெருக்கடி நிலையிலும் உயிர் வாழும் உரிமையை நிறுத்திவைக்க முடியாது என்றதும் அதுதான். அந்தத் திருத்தத்தின் 3-ஆவது பிரிவு 22-ஆவது உறுப்பைத் தொட்டது. மூன்று மாதம் என்பது இரண்டு மாதம் ஆகும். அறிவுரைக் கழகத்தை அந்தந்த உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படிதான் அமைக்க வேண்டும். தலைவராகப் பணியில் இருக்கும் உயர்நீதிமன்ற நீதிபதி, உறுப்பினர்களாகப் பணியில் இருப்பவர்கள் அல்லது ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதிகள். கழகத்திடம் கேட்காமலே நீண்ட நாள் வைத்திருக்கச் சட்டம் இயற்றலாம் என்று நாடாளுமன்றத்துக்கு இருந்த வழியும் அடைக்கப்படும்.

ஒரே ஒரு வேலைதான் மிச்சம். எந்தப் பிரிவு எந்தத் தேதியிலிருந்து அமலாகும் என்று மத்திய அரசு அரசிதழில் அறிவிக்க வேண்டும். திருத்தத்தின் மற்றப் பிரிவுகளுக்கு 1979-லேயே அறிவித்துவிட்டார்கள். 3-ஆவது பிரிவுக்கு இன்றுவரை அறிவிக்கவில்லை.

45 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட ஓர் அரசியலமைப்புத் திருத்தம் அது. எந்த அரசின் கையைக் கட்ட அது எழுதப்பட்டதோ, அந்தக் கையிடமே கயிற்றையும் கொடுத்து, உனக்கு வசதிப்படும்போது கட்டிக்கொள் என்று சொன்னதுபோல் ஆகிவிட்டது. வந்த எந்த அரசுக்கும் வசதிப்படவில்லை.

இதை நீதிமன்றத்தில் கேட்காமல் விட்டுவிடவில்லை. 1980-இல் தேசியப் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்து, தன்பாத் தொகுதியின் மக்களவை உறுப்பினர் ஏ.கே. ராய் அதில் அடைக்கப்பட்டார். ஆமாம், உங்களைப்போல ஓர் உறுப்பினர்தான். இந்த 3-ஆவது பிரிவை அமல்படுத்த உத்தரவிடுங்கள் என்றும் அவர் வழக்கில் கேட்கப்பட்டது. 1981 டிசம்பரில் ஐந்து நீதிபதிகளில் மூவர், எப்போது அமலாக்குவது என்பதை நாடாளுமன்றமே அரசிடம் விட்டிருக்கிறது, நாங்கள் கட்டாயப்படுத்த முடியாது என்றார்கள். நாள் குறிக்கும் அதிகாரம் என்பது நாளே குறிக்காமல் இருக்கும் அதிகாரம் ஆகிவிடாது என்பது மற்ற இருவரின் நிலை. அப்போது கடந்திருந்த காலம் மூன்று ஆண்டுகூட இல்லை.

பெரும்பான்மைத் தீர்ப்பில் ஒரு வாசகம் இருக்கிறது, அதை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். அரசு நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பானது, இதில் அரசு நம்பிக்கையைக் காப்பாற்றவில்லை என்று நாடாளுமன்றம் கருதினால் அதைக் கண்டிக்கலாம் என்ற பொருளில் தலைமை நீதிபதி சந்திரசூட் எழுதினார். அதாவது உச்சநீதிமன்றம் இந்தப் பொறுப்பை உங்கள் மேசைக்கு அனுப்பிவைத்தது. அதன்பின் 1989-இல் வி.பி. சிங் அமைச்சரவையில் தமிழ்நாடு இருந்தது. 1996-இல் ஐக்கிய முன்னணியில் இருந்தது. 1998-இல் அ.தி.மு.க., 1999 முதல் தி.மு.க., பா.ம.க., ம.தி.மு.க., அப்புறம் 2004-லிருந்து மன்மோகன் சிங் அரசு. மிசாவில் அடிவாங்கிய மாநிலத்தின் அமைச்சர்கள் இத்தனை வருஷம் தில்லியில் உட்கார்ந்திருந்தும், அரை பக்க அறிவிக்கை ஒன்று வெளியாகவில்லை. இதைக் குற்றம் சுமத்துவதற்காக எழுதவில்லை. வருத்தத்தோடு எழுதுகிறேன்.

அந்தப் பிரிவு அமலானால் நாளைக்கே என்ன மாறும் என்று கேட்கலாம். நேர்மையாகச் சொல்கிறேன். நம் ஊரின் 1982-ஆம் வருஷத்து 14-ஆவது சட்டத்தில், அதாவது குண்டர் சட்டத்தில், நாள் கணக்கு ஏற்கெனவே அந்த இரண்டு மாதத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆட்சியரோ காவல் ஆணையரோ போட்ட உத்தரவை 12 நாளுக்குள் மாநில அரசு ஏற்க வேண்டும். ஐந்து நாளுக்குள் காரணங்களைக் கைதியிடம் தர வேண்டும். மூன்று வாரத்துக்குள் அறிவுரைக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும். கழகம் ஏழு வாரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். கழகம் சரி என்றால் 12 மாதம் வரை போகலாம். ஆகவே நாள் கணக்கில் பெரிய மாற்றம் இருக்காது. அந்த நாற்காலிகளில் யார் உட்காருகிறார்கள், அவர்களை யார் உட்காரவைக்கிறார்கள் என்பதுதான் மாறும். இப்போதுள்ள 22-ஆவது உறுப்பின்படி, உயர்நீதிமன்ற நீதிபதி ஆவதற்குத் தகுதி இருந்தாலே ஒருவர் உறுப்பினர் ஆகலாம். அவரைத் தேர்ந்தெடுப்பதும் அதே அரசுதான். உத்தரவு போடுவதும் அதை ஏற்பதும் அரசு, அதைச் சோதிப்பவர்களை நியமிப்பதும் அரசு. இது ஒரு கட்டுப்பாடு என்றால், மாமியார் வீட்டு வழக்குக்கு மாமியாரே பஞ்சாயத்துத் தலைவரைப் பிடித்துக்கொண்டு வருவதும் ஒரு கட்டுப்பாடுதான்.

அந்தக் கழகத்தின் முன் கைதிக்காக வழக்கறிஞர் பேசவும் முடியாது. பத்தாவது முடிக்காத பையன், இருநூறு பக்கத்தைத் தானே படித்து, தானே வாதாட வேண்டும். 1919-இல் 'வக்கீல் இல்லை' என்று சொல்லி வெள்ளைக்காரனை எதிர்த்தோம்.

குண்டர் சட்டம் வளர்ந்த கதையையும் பாருங்கள். 1982-இல் அது வந்தபோது கள்ளச்சாராயம், போதைப்பொருள், ரவுடித்தனம், பாலியல் தொழில் தரகு, குடிசைப்பகுதி நில அபகரிப்பு என்று ஐந்து வகைகள். பிறகு வனக் குற்றம் சேர்ந்தது. 2004-இல் திருட்டு வீடியோ சேர்ந்தது. மணல் கடத்தலும் சேர்ந்தது. 2014-இல் இணையக் குற்றம், பாலியல் குற்றம். ஒவ்வொன்றும் மக்கள் கோபப்பட்ட நேரத்தில் சேர்க்கப்பட்டவை, ஒவ்வொன்றுக்கும் பேரவையில் கைதட்டல் கிடைத்திருக்கும். எதுவும் வெளியே எடுக்கப்படவில்லை. இன்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரத்தில், தடுப்புக் காவல் கைதிகள் அதிகமுள்ள மாநிலங்களின் வரிசையில் ஆண்டுதோறும் நாம் முன்னால் நிற்கிறோம். 2017 மே மாதம் மெரினாவில் ஈழத்தில் இறந்தவர்களுக்கு நினைவேந்தல் நடத்தப் போன திருமுருகன் காந்தி மீதும் இதே சட்டம் பாய்ந்தது. செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. நடுவில் போன நான்கு மாதத்தை எந்த நீதிமன்றமும் திருப்பித் தர முடியவில்லை.

நீதிமன்றங்கள் தடுக்கத்தான் செய்கின்றன. 1965-இல் ராம் மனோகர் லோகியா வழக்கில் நீதிபதி ஹிதயதுல்லா மூன்று வட்டங்கள் வரைந்து காட்டினார். பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு, அதற்குள் பொது ஒழுங்கு, அதற்கும் உள்ளே நாட்டின் பாதுகாப்பு. இரண்டு பேர் தெருவில் அடித்துக்கொண்டால் அது வெளி வட்டத்தோடு நின்றுவிடுகிறது, பொது ஒழுங்கு கெட்டதாக ஆகாது. 2011-இல் ரேகா எதிர் தமிழ்நாடு வழக்கில், சாதாரணச் சட்டமே போதுமான இடத்தில் தடுப்புக் காவல் சட்டவிரோதம் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. நம் குண்டர் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு அது. ஆனாலும் புக்லெட்டில் அச்சு வார்த்தாற்போல ஒரே வாசகம் வந்துகொண்டே இருக்கிறது: எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) ஜாமீனில் வந்தால் பொது ஒழுங்குக்குக் குந்தகம் விளைவிப்பார். பெயரையும் தேதியையும் மாற்றினால் யாருக்கும் பொருந்தும்.

அந்த அம்மாவின் மகன் ஐந்தரை மாதம் கழித்து வெளியே வந்தான். புக்லெட்டில் ஒரு பக்கம் படிக்க முடியாத நகலாக இருந்தது. முறையிடும் உரிமை இதனால் பாதிக்கப்பட்டது என்று உத்தரவு உடைந்தது. எங்கள் வேலையில் நிறைய உத்தரவுகள் இப்படித்தான் உடைகின்றன. மங்கலான ஜெராக்ஸ், விட்டுப்போன மொழிபெயர்ப்பு, முறையீட்டைப் பரிசீலிப்பதில் விளக்கப்படாத சில நாள் தாமதம். வழக்கறிஞராக அந்தப் பக்கத்தை நான்தான் தேடிக் கண்டுபிடித்தேன், அதற்காக நன்றியும் வாங்கிக்கொண்டேன். ஆனால் அவனை அடைக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியை அந்த ஐந்தரை மாதத்தில் அவன் பக்கம் நின்று யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டிய இடம் அறிவுரைக் கழகம். அங்கே நான் நுழைய முடியாது. அந்த ஜெராக்ஸ் தெளிவாக விழுந்திருந்தால் அவன் இன்னும் ஆறு மாதம் உள்ளே இருந்திருப்பான். உண்மையிலேயே ஆபத்தான ஒருவன் அதே மங்கலான பக்கத்தால் வெளியே வந்துவிடுவதும் நடக்கிறது. அவனால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அதில் என்ன நியாயம் இருக்கிறது?

"அப்போ ரவுடிகளைத் திரியவிடச் சொல்கிறீர்களா?" என்று தொகுதியில் கேட்பார்கள், தெரியும். சாட்சிகள் மிரட்டப்படுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பயந்து ஊரை விட்டுப் போன குடும்பங்களையும் தெரியும். அதற்கு வழி இருக்கிறது. ஜாமீனை ரத்து செய்யக் கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, 110 பிரிவுகளில் எழுதி வாங்கும் நன்னடத்தைப் பிணை, புதிய சட்டத்தில் 126, 129 என்று எண் மாறி அப்படியே இருக்கிறது. இவற்றில் நீதிமன்றத்திலோ நிர்வாக நடுவர் முன்போ காரணம் காட்ட வேண்டும், எதிர்த்தரப்பு கேள்வி கேட்கும், அதனால் சிரமம். குண்டாஸில் அந்தச் சிரமம் இல்லை. வேலை சுலபமாக இருப்பதற்காக ஒருவரின் ஒரு வருஷத்தை எடுத்துக்கொள்ள அரசியலமைப்பு யாருக்கும் அனுமதி தரவில்லை.

சட்டப்பேரவை உறுப்பினர்களிடம் நான் கேட்பது: தடுப்புக் காவல் பொதுப்பட்டியலில் உள்ளது. தில்லி அறிவிக்கை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 1982 சட்டத்தில் நீங்களே திருத்தம் கொண்டுவரலாம். அறிவுரைக் கழகம் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி அமையட்டும். அதன் முன் வழக்கறிஞர் நிற்கட்டும், வசதியில்லாதவருக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஒருவரை அனுப்பட்டும். அரசியலமைப்பு சொல்வது குறைந்தபட்சப் பாதுகாப்பை. அதற்கு மேல் கொடுக்க எந்தத் தடையும் இல்லை.

மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்களே, உங்களிடம் கேட்பது இன்னும் சிறியது. அடுத்த கூட்டத்தொடருக்குக் கேள்விகள் எழுதிக் கொடுக்கும்போது, உள்துறைக்கும் சட்டத் துறைக்கும் இந்த ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள்: "அரசியலமைப்பு (நாற்பத்து நான்காவது திருத்தம்) சட்டம், 1978-இன் 3-ஆவது பிரிவு எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வரும்?" பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தால், அதற்கடுத்த கூட்டத்தொடரிலும் அதையே கேளுங்கள். 57 பேர் இருக்கிறீர்கள்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு வழக்கறிஞர்